திங்கட்கிழமை எண்

பைராகி என்று அவனுக்குப் பெயர் வைத்தது யாரோ, ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்கலாம். உலகப் பற்றை உதறியவனுக்கு வைக்கிற பெயர் அது. நம்ம பைராகிக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேண்டும், திங்கட்கிழமை காலையில் அதன் மிச்சக் குழம்பு வேண்டும், அதில் பிசைந்து தின்னப் பழைய சோறும் வேண்டும். முதல் நாள் குழம்பைவிட மறுநாள் குழம்புக்குத்தான் ருசி என்று அடித்துச் சொல்வான். அவன் எலும்பை உறிஞ்சுகிற சத்தம் எதிர் வீட்டுக்குக் கேட்கும்.

தேங்காய் பறிப்பதுதான் அவன் தொழில். எங்கள் ஊரான பனசபுட்டுகாவில் பாதித் தோப்புகளுக்கு அவன்தான் ஏறுவான். ஐம்பது தாண்டியும் தோளும் தொடையும் கடைந்து வைத்த மரம் மாதிரி இருக்கும். மற்றவர்கள் ஒரு மரத்தில் ஏறி இறங்கி மூச்சு வாங்குவதற்குள் இவன் மூன்றை முடித்துவிட்டு, நாலாவதன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே போகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி தமயந்தி இதற்கு நேர் எதிர். அவளைத் தராசில் ஏற்றினால் முள் அசையுமா என்பதே சந்தேகம். ஊர்க்கோடியில் இருக்கிற முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் காலை முதல் மாலை வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை. சாயங்காலம் எழுந்து நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பைராகிதான் பார்த்து மனசு கேளாமல், சந்தைக்குப் போகும்போதெல்லாம் மருந்துக்கடையில் வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்து கொடுப்பான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாத்திரை போட்டால் நன்றாகத் தூங்குகிறாள் என்பதில் அவனுக்கு ரொம்பத் திருப்தி.

எங்கள் உத்தானம் பக்கத்து ஊர்களில் பெற்ற பிள்ளையின் பரீட்சை மார்க்கை மறந்தாலும் மறப்பார்கள், அவரவர் ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்பதை மறக்க மாட்டார்கள். கிட்னி சுருங்கிப்போகிற நோய் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட பூமி இது. ஏன் வருகிறது என்று இன்று வரை யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் என்பார்கள், வெயில் என்பார்கள், பூச்சிமருந்து என்பார்கள். முற்றிப்போனவர்களை ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுக்க வைப்பார்கள். ஒருவன் "மெஷினுக்குப் போயிட்டான்" என்றால் அதற்கு மேல் எவரும் விசாரிப்பதில்லை.

சில மாதங்களுக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலையில், ராமர் கோயில் வாசலில் பரிசோதனை வேன் வந்து நிற்கும். வரிசையில் நின்று ரத்தம் கொடுக்க வேண்டும். மத்தியானம் சுகாதாரப் பணியாளர் சுகுணா பேரையும் எண்ணையும் உரக்க வாசிப்பாள். ரகசியமாவது மண்ணாவது! அரைக்கால் கால் கணக்காகத்தான் எங்களுக்கு அந்த எண் பழக்கம். ஒண்ணேகால் வரை பாஸ், ஒண்ணரையைத் தொட்டால் ஃபெயில். இதை ஊருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது, ஆனால் கல்லில் வெட்டிய சட்டம். ஆம்பளைக்கும் அதே சட்டம், பொம்பளைக்கும் அதே சட்டம். இருபது வயசுக்கும் அதுதான், எழுபது வயசுக்கும் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் சுகுணா வாசித்தாள்.

"தமயந்தி, ஒண்ணேகால். பைராகி..." என்று நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "பைராகி, ஒண்ணரை."

பைராகி சிரித்தபடி, "ஏம்மா, ஒழுங்காப் பாரு சுகுணா. இந்த உடம்புக்கா ஒண்ணரை? மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. தமயந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவனுடைய நோயாளி வாழ்க்கை. தோப்புக்காரன் தண்டாசி, தமயந்திக்குத் தம்பி முறை, அவனை ‘பாவா’ என்று கூப்பிடுகிற மச்சான், மறுநாளே வீட்டுக்கு வந்தான்.

"பாவா, கோவிச்சுக்காதே. இனிமே என் மரத்துல ஏறாதே."

"ஏன்டா? உன் மரம் என்ன தங்கத்துல காய்க்குதா?"

"உச்சியில தலை சுத்தி விழுந்தேன்னா நாளைக்கு என் அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வேண்டாம் பாவா, உடம்பைப் பாத்துக்கோ."

தண்டாசி சொன்னதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சொந்த மரங்கள்தான். ஆத்திரம் தாங்காமல் பைராகி கிணற்றடியைக் கொத்தினான், வேலிக்குக் குழி தோண்டினான், பக்கத்து வீட்டு விறகையெல்லாம் கேட்காமலே பிளந்து கொடுத்தான். பலாக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினான். அவன் எந்தப் பக்கம் போனாலும் பேச்சு தணிந்து, "பாவம்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தப் பாவம்தான் அவனை நோயைவிட அதிகமாகத் தின்றது.

தமயந்தி வீட்டையே புரட்டிப் போட்டாள். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. உப்பு பாதியானது. சுத்திகரித்த தண்ணீர் கேனில் வந்து இறங்கியது; அது பைராகிக்கு மட்டும். அவள் வழக்கம்போல ஆழ்குழாய்த் தண்ணீரையே குடித்தாள்.

"நீயும் கேன் தண்ணியையே குடியேன்" என்று அவன் ஒரு நாள் சொன்னான்.

"எனக்கென்ன மாவா, நான் ஒண்ணேகால். பாஸான ஆளு. வாயை மூடிக்கிட்டு உன் சொம்பைக் காலி பண்ணு."

ஞாயிற்றுக்கிழமைக் கறியை மட்டும் அவள் நிறுத்தவில்லை. உடம்பில் பலம் இருந்தால்தான் நோயோடு மல்லுக்கட்ட முடியும் என்பது அவள் கணக்கு. அவளைக் குறை சொல்லி என்ன, அவன் முகத்தில் வாரத்துக்கு ஒரு தடவை வெளிச்சம் வருவதே அந்தக் கறியைப் பார்த்தால்தான். அடுத்த வேன் வந்தபோது அவன் எண் ஒண்ணேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைச்சல். அதற்கடுத்த முறை ஒண்ணேமுக்காலே ஆயிற்று. தமயந்தி ஒவ்வொரு முறையும் ஒண்ணேகால். கங்கம்மா கோயிலில் அவள் வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும்: "தாயே, என் எண்ணை அவருக்குக் கொடுத்துடு, அவர் எண்ணை எனக்குக் கொடுத்துடு."

இந்த வருஷம் மழைக்கு முன்னால் விசாகப்பட்டினத்திலிருந்து வாசந்தி பட்நாயக் என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்காக வந்தாள். அவள் வந்தது வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாளே சுகுணாவை விட்டு வீடு வீடாகச் சொல்ல வைத்தாள்: ரத்தம் எடுக்கும் வரை யாரும் கறி மீன் தின்னக் கூடாது, காலையில் வேர்க்க வேலை செய்துவிட்டு வரக் கூடாது. ரத்தம் எடுத்தார்கள், ஒரு டப்பாவில் மூத்திரமும் கேட்டார்கள். பைராகிக்கு அளவு நாடாவை நீட்டித் தோளைக்கூட அளந்தார்கள். அன்று எண் எதையும் வாசிக்கவில்லை. ஊருக்கே ஏமாற்றம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து சுகுணா பைராகி வீட்டுப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். தமயந்தி கொட்டகைக்குப் போயிருந்தாள்.

"மாமா, டாக்டரம்மா டவுன் ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளைக்கு உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. உங்க வீட்டு ரிப்போர்ட் சரியில்லையாம்."

"என்னவாம்?"

"அதை எங்கிட்டச் சொல்லலை. அவங்களே நேர்ல சொல்லணுமாம்."

என்னவென்று பைராகிக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒண்ணேமுக்கால் இரண்டைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். மெஷின் பற்றிப் பேசப்போகிறார்கள். அதைத் தமயந்தி காதால் கேட்க வேண்டாம் என்று முடிவு பண்ணினான். அவளிடம், "என்னை மட்டும்தான் வரச் சொல்லியிருக்காங்க" என்று புளுகினான்.

"நானும் வரேன் மாவா."

"நீ எதுக்கு? பாஸான ஆளுக்கு அங்க என்ன வேலை? போயி கொட்டையை உடை."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனான். அழக் கூடாது. இன்னும் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். தனக்குப் பிறகு தமயந்தியை அந்தமானில் இருக்கிற மகனிடம் அனுப்பிவிட வேண்டும், ஆனால் அவளுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாதே. சாவைப் பற்றி அவனுக்கு அவ்வளவாகப் பயமில்லை. இவள் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடிப்பாளா என்று நினைத்தபோதுதான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா சின்னப் பெண்தான், அவனுக்கு மகள் வயசு இருக்கும். முகத்தில் களைப்பு இருந்தாலும் சிடுசிடுப்பு இல்லை.

"உக்காருங்க. எங்க உங்க சம்சாரம்?"

"அவ வேலைக்குப் போயிருக்கா அம்மா. எதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

அவள் ரிப்போர்ட்டைப் பிரித்தாள். "முதல்ல உங்க சமாச்சாரத்தைச் சொல்றேன். உங்க கிட்னி நல்லா இருக்கு."

பைராகி நாற்காலியில் நிமிர்ந்தான். "அம்மா, நான் ஒண்ணேமுக்கால்."

"வேன் வர்ற திங்கட்கிழமை காலைல என்ன சாப்பிட்டுட்டுப் போவீங்க?"

இது என்ன கேள்வி? ஆனாலும் கேட்டுவிட்டாளே என்று, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு எப்படி மண்சட்டியில் இறுகிக் கிடக்கும், பழைய சோற்றில் அது எப்படி இறங்கும் என்று அவன் விவரித்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே நாக்கில் ஊறியது. டாக்டரம்மா அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கறியும் சேர்ந்துதான் உங்க ரத்தத்துல அந்த நம்பரை ஏத்தியிருக்கு. இந்தக் கிரியாட்டினின் தசையிலிருந்து வர்ற கழிவு. அடுப்புச் சாம்பல்னு வச்சுக்கோங்க. அதை அள்ளி வெளியே கொட்டறது கிட்னி. பெரிய அடுப்பு எரியற வீட்டுல சாம்பல் ஜாஸ்தியாத்தான் கிடக்கும். அதைப் பாத்துட்டு, இந்த வீட்டுல பெருக்கறவ சரியில்லைன்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது."

"உங்களுக்கு உடம்பு பூரா தசை. போதாததுக்குக் கறி வேற. அதனால நாங்க வேற ஒரு சோதனை பண்ணினோம். இது தசையைப் பாக்காது, கறியைப் பாக்காது. அதோட உங்க வயசு, ஆணா பெண்ணா, மூத்திரத்துல புரதம் ஒழுகுதா, எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போட்டோம். நூத்துக்கு எண்பத்தஞ்சு பங்கு கிட்னி உங்களுக்கு வேலை செய்யுது. நீங்க தாராளமா மரம் ஏறலாம்."

பைராகிக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. தண்டாசி மூஞ்சியை இப்போதே பார்க்க வேண்டும். "அப்போ ரிப்போர்ட் சரியில்லைன்னு அந்தப் பொண்ணு என் உயிரை வாங்கினாளே!"

"உங்க சம்சாரம் கறி சாப்பிட மாட்டாங்களா?"

"சாப்பிடுவாளே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவள் தட்டில் கறித்துண்டைக் கடைசியாக எப்போது பார்த்தான்? சட்டியிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி அவன் தட்டில் வைப்பாள். அவன் கை கழுவிய பிறகு, அடிக்குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள். இத்தனை வருஷத்தில் அவன் அவள் தட்டைப் பார்த்ததே இல்லை.

"அவங்க அடுப்போ ரொம்பச் சின்னது" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "உடம்புல தசையே இல்லை. அப்படியிருந்தும் ஒண்ணேகால் அளவுக்குச் சாம்பல் சேர்ந்திருக்கு. வேன்ல யாராவது அவங்க வயசையும் பொம்பளைங்கிறதையும் வச்சுக் கணக்குப் போட்டிருந்தாலே அப்பவே சந்தேகம் வந்திருக்கும். புதுச் சோதனையில நூத்துக்கு முப்பத்தொண்ணு. மூத்திரத்துல புரதமும் நிறைய ஒழுகுது."

அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தென்னை உச்சியில் பெருங்காற்றில்கூட அவன் எதையும் அப்படிப் பிடித்ததில்லை.

"மெஷினா அம்மா?" என்றான் கடைசியில்.

"இப்ப இல்ல. இதே வயசு, இதே எண்கள் இருக்கற நூறு பேரை எடுத்துக்கிட்டா, அஞ்சு வருஷத்துல இருபது பேருக்கு மெஷின் தேவைப்படும். எண்பது பேருக்குத் தேவைப்படாது."

"இவ எந்தப் பக்கம்?"

"அது எனக்குத் தெரியாது. கணக்குக்கும் தெரியாது. ஆனா இருபதை நாம குறைக்கலாம். பிரஷர் இருக்கு, அதுக்கு மாத்திரை தரேன். புரதம் ஒழுகறதைக் குறைக்கவும் மருந்து இருக்கு. அவங்க வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா? வலிக்கு, கிலிக்கு?"

பைராகியின் முகம் செத்துப்போயிற்று. "நான்தாம்மா வாங்கிக் கொடுப்பேன்" என்றான்.

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "அந்த வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது, இன்னையோட நிறுத்திடுங்க. நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிறுத்தத்துப் பலாமரத்தடியில் தமயந்தி நின்றிருந்தாள். பாதி வேலையில் கொட்டகையிலிருந்து வந்திருக்கிறாள். விரலெல்லாம் முந்திரிக்கொட்டைக் கறை. கையில் ஒரு பாட்டில் நிறையக் கேன் தண்ணீர், அவனுக்கு.

"சொல்லு மாவா. மறைக்காதே. எவ்வளவு?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"பொய்."

"கங்கம்மா மேல ஆணை. நான் தின்ன கறியும் இந்த உடம்பும் பண்ணின கூத்தாம். கிட்னி நல்லா இருக்காம். மரமே ஏறலாமாம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பொய் சொன்னால் இடது கண் சிமிட்டும் என்று அவளுக்குத் தெரியும். கண் சிமிட்டவில்லை. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை முடிவதற்குள் சிரிப்பு வந்தது. அவன் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் எழுந்து தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"டேய் தண்டாசி! என் மாவாவுக்கு ஒண்ணுமில்லடா! நாளைக்கே உன் தோப்புல ஏறுவாரு, பாத்துக்கோ! சும்மா ரெண்டு வருஷம் அந்த மனுஷனை உக்கார வச்சீங்களேடா பாவிகளா!"

தண்டாசி வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் கூடிவிட்டது. தமயந்தி ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். கங்கம்மாவுக்குச் சேவல் அறுப்பதாகச் சொன்னாள். அவளை அத்தனை சந்தோஷமாக அவன் கல்யாணத்தன்று பார்த்ததுதான். பைராகி கூட்டத்துக்கு வெளியே நின்றான். பாதிச் சேதிதான் சொல்லியிருக்கிறேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இந்தச் சாயங்காலத்தை அவள் முழுசாக வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். வீட்டுக்குள் போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக் கக்கூஸ் குழியில் போட்டான்.

விளக்கு வைத்த பிறகு அவள் தட்டு போட்டாள். பலாக்காய்க் கறி, சோறு. வழக்கம்போலக் கேனைச் சாய்த்து அவன் சொம்பை நிரப்பி வைத்தாள்.

"உன் தட்டையும் போடு" என்றான்.

"நீ சாப்பிடு முதல்ல."

"போடு தமயந்தி."

அவள் வியப்போடு இன்னொரு தட்டைக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். அவன் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

"குடி."

"அது உன்னோட தண்ணி."

"இல்ல. உன்னோடது. இவ்வளவு நாளா நான்தான் பிடுங்கிக் குடிச்சிருக்கேன்."

வாசலில் தண்டாசி யாரிடமோ இந்தச் சேதியைச் சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தமயந்தி சொம்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முட்டாள் இல்லை அவள்.

"ரெண்டு பேரையும்தான் வரச் சொன்னாங்களா?" என்றாள்.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"எவ்வளவு?"

முப்பத்தொண்ணு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "உன்னை மாதிரி நூறு பேர்ல எண்பது பேர் மெஷினுக்குப் போக மாட்டாங்களாம்" என்றான். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். புது மாத்திரை தருவாங்க. வலி மாத்திரையை இனிமே தொடக் கூடாது. இடுப்பு வலிச்சா நான் அமுக்கி விடறேன். கொட்டகைக்கு நீ போக வேண்டாம், நான் மரம் ஏறறேன்."

அவள் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பலாக்காயை வைத்தாள். பிறகு, "நல்லவேளை, உனக்கு இல்ல" என்றாள்.

"அப்படிச் சொல்லாதேடீ" என்றான் பைராகி.

தமயந்தி சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஐயய்ய, இதுல ஒரு ருசியுமே இல்லையே மாவா! ரெண்டு வருஷமா இதையா குடிச்சே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கொடுத்தே, குடிச்சேன்" என்று சொல்லி அவன் அழுதான்.

அவள் மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். அவன் எழுந்து போய், கேனைச் சாய்த்து மறுபடி நிரப்பிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.